ஊக்கம் குன்றிய பணியாளரும் தலைவரின் கடமையும்: குறள் அதிகார வைப்புமுறை வழி ஒரு நோக்கு

முன்னுரை

நான்கு பேர் சேர்ந்து பணிபுரியும் இடம் எதுவாயினும் அங்கே ஊக்கம் குன்றிய ஒருவரைக் காணலாம். அவர் காலையில் உரிய நேரத்தில் வருவார். மாலையில் உரிய நேரத்தில் செல்வார். சொன்ன வேலையைச் செய்வார். சொல்லாத வேலையைத் தொடமாட்டார். அவர்மீது குற்றம் சாட்டவும் இடமில்லை. அவரைப் பாராட்டவும் வழியில்லை. பணம் கையாடியவரை என்ன செய்வது, ஒழுங்கு மீறியவரை என்ன செய்வது என்பதற்கெல்லாம் நிறுவனங்களில் விதிகள் உள்ளன. மனம் இல்லாமல் உழைப்பவரை என்ன செய்வது என்பதற்கு விதிப்புத்தகத்தில் விடை கிடைப்பதில்லை.

மேலாளர் பலர் இதற்கு இரண்டு எளிய வழிகளைக் கைக்கொள்கின்றனர். ஒன்று, கடிந்து விரட்டுவது. மற்றொன்று, கண்டும் காணாமல் இருந்துகொண்டு அவர் செய்ய வேண்டிய வேலையை வேறொருவரிடம் ஒப்படைப்பது. முதல் வழி அச்சத்தை வளர்க்கிறது. இரண்டாம் வழி நன்றாக உழைப்பவரையும் சோர்வடையச் செய்கிறது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாம் வழி ஒன்று உண்டு. ஊக்கம் ஏன் குன்றியது என்று ஆராய்ந்து, காரணத்திற்கு ஏற்பச் செயல்படுவதே அவ்வழி. திருக்குறளின் அதிகார வைப்புமுறையையும், கடந்த நூற்றாண்டில் தொழிற்கூடங்களில் நிகழ்ந்த சில ஆய்வுகளையும் துணையாகக் கொண்டு அவ்வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊக்கமுடைமை யாரை நோக்கிக் கூறப்பட்டது?

திருக்குறளில் ஊக்கமுடைமை 60ஆம் அதிகாரமாகவும், மடியின்மை 61ஆம் அதிகாரமாகவும், ஆள்வினையுடைமை 62ஆம் அதிகாரமாகவும் அமைந்துள்ளன. சோம்பியிருக்கும் மாணவனைக் கண்டால் ஆசிரியர் இவற்றிலிருந்து ஒரு குறளை எடுத்துரைப்பது வழக்கம். வேலையில் மந்தமாக இருக்கும் பணியாளரைக் கண்டால் மேலாளரும் அவ்வாறே எடுத்துரைக்க விரும்புவார். ஆனால் இவ்வதிகாரங்கள் நூலில் எவ்விடத்தில் நிற்கின்றன என்பதை நாம் பெரும்பாலும் நோக்குவதில்லை.

பரிமேலழகர் கொண்ட வைப்புமுறையின்படி பொருட்பாலின் முதற்பகுதி அரசியல் ஆகும். இறைமாட்சி என்னும் 39ஆம் அதிகாரம் தொடங்கி, இடுக்கணழியாமை என்னும் 63ஆம் அதிகாரம் முடிய, 25 அதிகாரங்கள் அதில் அடங்குகின்றன. அமைச்சரைப் பற்றிய பகுதி 64ஆம் அதிகாரத்தில்தான் தொடங்குகிறது. எனவே, ஊக்கம் வேண்டும், சோம்பல் கூடாது, இடைவிடாத முயற்சி வேண்டும் என்னும் மூன்றும் ஆளப்படுவோரைவிட ஆள்வோரை நோக்கியே முதற்கண் கூறப்பட்டன என்பது பெறப்படும். அக்கருத்துகள் எல்லார்க்கும் பொதுவாகப் பொருந்தும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அவற்றை முதலில் தன்மீது பொருத்திப் பார்க்க வேண்டியவர் தலைமை இருக்கையில் இருப்பவரே ஆவார்.

ஊக்கமுடைமைக்கு முன்னர் உள்ள அதிகாரங்களும் கருதத்தக்கன. 51 தெரிந்து தெளிதல், 52 தெரிந்து வினையாடல், 53 சுற்றந்தழால், 54 பொச்சாவாமை, 55 செங்கோன்மை, 56 கொடுங்கோன்மை, 57 வெருவந்த செய்யாமை, 58 கண்ணோட்டம், 59 ஒற்றாடல். இவை யாவும் கூறப்பட்ட பின்னரே ஊக்கம் பேசப்படுகிறது. வள்ளுவர் மேலாண்மை நூல் எழுதினார் என்று சொல்வது நம் கருத்தன்று. ஆனால் ஆளைத் தேர்ந்து, வேலையைப் பொருத்தி, நடுவுநிலை காத்து, அச்சம் நீக்கி, இரக்கம் காட்டி, உண்மையை அறிந்த பிறகே ஊக்கத்தை எதிர்பார்க்க முடியும் என்னும் ஒழுங்கு இவ்வரிசையில் புலனாகிறது. ஒரு மேலாளர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய வினாக்களின் வரிசையாகவும் இதனைக் கொள்ளலாம்.

மூவகைக் காரணங்கள்

ஊக்கமின்மை என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பது உண்மையில் ஒரே நிலையன்று. செய்ய இயலாமை, செய்யும் முறை தெரியாமை, செய்ய மனமின்மை என மூவகை நிலைகள் அதனுள் உள்ளன. மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். காய்ச்சல் பலவகை நோய்க்கும் பொது அறிகுறியாக இருப்பதுபோல, வேலைத் தேக்கம் இம்மூன்றுக்கும் பொது அறிகுறி. நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பவர் நல்ல மருத்துவர் ஆகார்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மொத்த வணிக நிறுவனம் ஒன்றில் கணக்கர் ஒருவர் பதினைந்து ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். மாதக் கணக்கை மறுமாதம் 5ஆம் தேதிக்குள் முடித்துத் தந்தவர், ஓராண்டாக 12ஆம் தேதி ஆனாலும் முடிப்பதில்லை. கேட்டால் “பார்க்கிறேன்” என்கிறார். ‘வயதாகிவிட்டது, அக்கறை போய்விட்டது’ என்று மேலாளர் முடிவு கட்டுகிறார். உண்மை வேறு. ஓராண்டுக்கு முன்பு பேரேட்டை நிறுத்திவிட்டுக் கணினிக்கு மாறினார்கள். புதிய மென்பொருளை இளைஞர் ஒருவருக்குக் கற்பித்தார்கள். மூத்தவருக்குக் கற்பிக்க வேண்டும் என்று எவரும் நினைக்கவில்லை. தம் மகன் வயதுடையவரிடம் கேட்டுக் கற்க அவருக்குக் கூச்சம். கேளாமலே காலம் தள்ளுகிறார். அவரிடம் இருப்பது தெரியாமை. அதன்மேல் படிந்திருப்பது வெட்கம். இதனை மனமின்மை என்று கருதிக் கடிந்துகொண்டால் வெட்கம் பெருகும்; வேலை மேலும் தேங்கும்.

ஆதலின், மேலாளர் முதலில் வினவ வேண்டியது “இவர் எப்போதுமே இப்படி இருந்தாரா, இடையில் இப்படி ஆனாரா?” என்பதாகும். இடையில் மாறியவர் எனின், அம்மாற்றம் தொடங்கிய காலத்தில் நிறுவனத்தில் என்ன நிகழ்ந்தது, அவர் இல்லத்தில் என்ன நிகழ்ந்தது என்று நோக்க வேண்டும். பெரும்பாலும் விடை அங்கே கிடைத்துவிடும்.

தெரிந்து வினையாடல்: வேலையின் அமைப்பு

ஆளையும் வேலையையும் பொருத்துவதே தெரிந்து வினையாடலின் பொருள். வேலை பொருந்தாதபோது நல்ல தொழிலாளரும் மந்தமானவராகத் தோன்றுவார் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

அகமதாபாத் நகரின் காலிகோ ஆலையில் 1950களின் தொடக்கத்தில் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. புதிய இயந்திரம் வந்தும் எதிர்பார்த்த உற்பத்தி கிட்டவில்லை. துணியில் பழுதும் மிகுந்தது. இலண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் என்னும் ஆய்வாளர் 1953இல் அங்கு வந்து தறிக்கூடத்தை ஆராய்ந்தார். 224 தறிகளை 29 தொழிலாளர் கவனித்து வந்தனர். நெய்பவர், நூல் நிரப்புபவர், அறுந்த இழையைச் சீர் செய்பவர், எண்ணெய் இடுபவர் எனப் பன்னிரு வகையாக வேலை துண்டாடப்பட்டிருந்தது. ஒவ்வொருவரும் பல தறிகளுக்கிடையே ஓடிக்கொண்டிருந்தனர். எந்தத் தறியும் எவருடைய பொறுப்பிலும் இல்லை. ஒருவர் வேலை மற்றவர் வேலையைச் சார்ந்திருந்தும், அவர்கள் ஒரு குழுவாக இல்லை.

குறிப்பிட்ட தறிகளை ஒரு சிறு குழுவின் முழுப்பொறுப்பில் விடலாம் என்னும் கருத்து முன்வைக்கப்பட்டது. தொழிலாளர்கள் அதனை விரைந்து ஏற்றுக்கொண்டு, எவர் எவரோடு சேர்வது என்பதையும் தாங்களே முடிவு செய்தனர். தொடக்கத்தில் சில தடுமாற்றங்கள் இருந்தன. அவை நீங்கியபின் உற்பத்தித்திறன் உயர்ந்தது, பழுது குறைந்தது. ஆலையும் தறியும் ஆட்களும் பழையனவே. வேலையைப் பகுத்த முறை மட்டுமே மாறியது.

இதன் பின்னிகழ்ச்சியும் அறியத்தக்கது. 1970ஆம் ஆண்டளவில் எரிக் மில்லர் என்பவர் அதே ஆலையை மீண்டும் ஆராய்ந்தபோது, குழுமுறை ஒரு பகுதியில் நிலைத்திருந்தது. மற்றொரு பகுதியில் பெரிதும் தேய்ந்து போயிருந்தது. நல்ல ஏற்பாடும் கண்காணிப்பு இல்லையேல் நாளடைவில் சிதையும். வெற்றியின் மகிழ்ச்சியில் கடமையை மறத்தலே பொச்சாப்பு. 54ஆம் அதிகாரம் தலைவருக்கு விடுக்கும் எச்சரிக்கை இதுவேயாகும்.

செங்கோன்மை: நடுவுநிலை தவறினால்

வேலை பொருந்தியிருந்தும் ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக உழைப்பது உண்டு. அதனையும் சோம்பல் என்று ஒதுக்கிவிட இயலாது. அறிவியல் மேலாண்மையின் தந்தை எனப்படும் ஃபிரடெரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தொழிலாளர் கூடிப் பேசிக்கொண்டு மெதுவாக வேலை செய்வதற்குக் காரணம், மிகுதியாக உற்பத்தி செய்தால் ஒவ்வொரு பொருளுக்குமான கூலி குறைக்கப்படும் என்னும் அச்சமே என்பதை அவர் கண்டறிந்தார். கண்டிப்பான மேற்பார்வையை வற்புறுத்தியவர் அவர். அவரே இதனை ஒப்புக்கொண்டது நோக்கற்பாலது.

அமெரிக்காவில் சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளும் இதனை உறுதிப்படுத்தின. அவற்றுள் ஒன்றில், தொலைபேசி இணைப்புக் கருவிகளில் கம்பி பொருத்தும் 14 ஆண் தொழிலாளர்களை 1931-32இல் தனி அறையில் வைத்து நோக்கினர. மிகுதியாக உழைத்தால் மிகுதியாக ஊதியம் பெறும் ஏற்பாடு அங்கிருந்தது. ஆயினும் ஒரு நாளுக்கு இவ்வளவே போதும் என்று அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டிருந்தனர். அதனை மீறி உழைத்தவரைக் கேலி செய்து அடக்கினர். உழைப்பு மிகுந்தால் கூலி விகிதம் குறையும், அல்லது சிலர் வேலை இழப்பர் என்ற அச்சம் அவர்களிடையே நிலவியது. பொருளாதார மந்தம் நாட்டைச் சூழ்ந்திருந்த காலம் அது.

நம் நிறுவனங்களில் இதே நிலை வேறு வடிவில் நிகழ்கிறது. நன்றாகச் செய்பவரிடம் மேலும் வேலை குவிகிறது. செய்யாதவர் ஓய்வாக இருக்கிறார். மாத இறுதியில் ஊதியமோ இருவருக்கும் ஒன்றே. பதவி உயர்வு வரும்போது உழைப்பு எண்ணப்படாமல் உறவும் நெருக்கமும் எண்ணப்படுகின்றன. இதனை இரண்டு மூன்று ஆண்டுகள் கண்ட பின்னர் ஒருவர் தம் முயற்சியைக் குறைத்துக்கொண்டால், அது அவர் கணக்குப் போட்டு எடுத்த முடிவு. அக்கணக்கை மாற்றாமல் அவருக்கு அறிவுரை கூறுவதில் பயனில்லை. இத்தகையவரை ஊக்கப்படுத்த விரும்பும் மேலாளர் முதலில் தம் பகிர்வுமுறையை நேர்செய்ய வேண்டும்.

வெருவந்த செய்யாமையும் கண்ணோட்டமும்

அச்சம் உடலை இயக்கும், உள்ளத்தை இயக்காது. அஞ்சி உழைப்பவர் தவறு நேர்ந்தால் மறைப்பார். புதிய யோசனை தோன்றினாலும் சொல்லமாட்டார். தரக்கட்டுப்பாட்டுத் துறையில் பெரும்புகழ் பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங் மேலாளர்க்கு வகுத்த 14 நெறிகளுள் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுக என்பதாகும். அவர் சொல்லும் காரணம் இரக்கம் சார்ந்தது மட்டுமன்று. அச்சம் உள்ள இடத்தில் மேலாளருக்கு உண்மைச் செய்தி வந்து சேராது என்பதே அதன் உட்பொருள்.

அச்சம் நீக்குவதற்குச் சிறந்த கருவி செவி கொடுத்தல். மேலே கூறிய ஹாதார்ன் தொழிற்சாலையில் 1928 முதல் 1930 வரை ஏறத்தாழ 21,000 பணியாளர்களை நேரில் சந்தித்துக் கருத்துக் கேட்டனர். முதலில் வினாக்களை வரிசைப்படுத்திக் கேட்டார்கள். பின்னர், பணியாளர் பேச விரும்புவதைப் பேசவிட்டுக் கேட்பதே பயனுடையது என்று கண்டு முறையை மாற்றிக்கொண்டனர். மனம்விட்டுப் பேசியபின் பலர் தம் பணிச்சூழல் மேம்பட்டதாகவே உணர்ந்தனர். ஹாதார்ன் ஆய்வுகளின் முடிவுகள் சிலவற்றைப் பிற்கால அறிஞர்கள் மறுத்துள்ளனர் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும், பணியாளரைப் பேசவிட்டுக் கேட்பது நிருவாகத்தின் ஒரு பகுதி என்னும் எண்ணம் அங்கிருந்தே பரவியது.

இங்கே ஒற்றாடல் என்னும் 59ஆம் அதிகாரம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பணியாளரைப் பற்றிக் கோள் சொல்பவரை அருகில் வைத்துக்கொண்டு நிருவாகம் நடத்துவோர் உண்டு. அதற்கு அவ்வதிகாரத்தைத் துணைக்கு அழைக்க இயலாது. ஒருவர் கொண்டுவந்த செய்தியை மற்றவர் வழியாகவும் ஒப்புநோக்கிய பின்னரே ஏற்க வேண்டும் என்பது அங்கே வள்ளுவர் வற்புறுத்தும் கருத்து. கோள் கேட்டு முடிவெடுப்பதற்கு அது முற்றிலும் மாறானது. ஒருவருடைய ஊக்கமின்மைக்குக் காரணத்தை அவரிடமே கேட்பதைவிடச் சிறந்த வழி வேறில்லை.

ஆட்கள் மாறவில்லை, ஆட்சி மாறியது

இதுவரை கூறியவை அனைத்தும் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஃபிரெமாண்ட் என்னும் ஊரில் இருந்த கார்த் தொழிற்சாலை சான்றாகும். அது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்துக்கு உரியது. அங்கே நாள்தோறும் ஐந்தில் ஒரு பங்கினர் வேலைக்கு வாராமல் இருந்த காலம் உண்டு. வந்தவர்களிலும் சிலர் பணி நேரத்திலேயே குடித்தனர். தொழிலாளர்க்கும் நிருவாகத்துக்கும் ஓயாத பூசல். 1982இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. உலகின் மோசமான தொழிலாளர்கள் அங்கே இருந்தார்கள் என்றே பலரும் கருதினர்.

பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் ஜப்பானிய டொயோட்டா நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து, நும்மி என்னும் பெயரில் அதனை 1984இல் மீண்டும் திறந்தது. நடத்தும் பொறுப்பு டொயோட்டாவிடம் இருந்தது. புதிய நிருவாகம் பணியமர்த்திய தொழிலாளருள் மிகப்பெரும்பாலோர் மூடப்பட்ட ஆலையின் பழைய தொழிலாளர்களே. தொழிற்சங்கமும் பழைய சங்கமே. அவர்களுள் பலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி அளித்தனர். சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் பொறுப்பளித்தனர். பழுது கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி ஓட்டத்தையே நிறுத்தலாம்; இழுத்தவரைக் கடிந்துகொள்ளாமல், மேற்பார்வையாளர் விரைந்து வந்து உதவுவார். மேலாளரும் தொழிலாளரும் ஒரே உணவுக்கூடத்தில் உண்டனர். 1988இல் விற்பனை சரிந்தபோது, வாக்களித்தபடியே எவரையும் வேலையிலிருந்து நீக்காமல், அந்நேரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர்.

சில ஆண்டுகளிலேயே வருகைக் குறைவு மிகச் சிறிய அளவுக்கு இறங்கியது. தரத்திலும் உற்பத்தித்திறனிலும் ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளுள் அது முன்னணியில் நின்றது. 2010இல் நும்மி கூட்டு முயற்சி முடிவுக்கு வந்தது என்றாலும், அது கற்பித்த பாடம் அழியவில்லை. ஊக்கமற்றவர் எனப்பட்ட அதே மனிதர்கள், மற்றோர் ஆட்சியின்கீழ் ஊக்கமுடையவராயினர். அவர்களுக்குப் புதிதாக எவரும் அறிவுரை கூறவில்லை. அவர்களை நடத்திய முறை மாறியது.

அமெரிக்க மேலாண்மை அறிஞர் டக்ளஸ் மெக்கிரெகர் 1960இல் கூறிய கருத்தை இங்கே நினைவுகூரலாம். மனிதர் இயல்பாகவே வேலையை வெறுப்பவர் என்று கருதும் மேலாளர் அக்கருத்துக்கேற்பக் கெடுபிடி செய்வார். அக்கெடுபிடியே பணியாளரை வேலையை வெறுப்பவராக ஆக்கும். அதனைக் கண்டு மேலாளர் தாம் கருதியது சரியே என்று நிறைவடைவார். இச்சுழற்சியை அறுக்கும் வலிமை மேலாளரின் கையில்தான் உள்ளது.

பேசும் முறை

இனி, நடைமுறையில் என்ன செய்வது? முன்னர்க் கூறிய கணக்கரை மேலாளர் எவ்வாறு அணுக வேண்டும் என்று பார்ப்போம்.

முதலாவது, தனிமையில் பேச வேண்டும். பிறர் முன்னிலையில் சொல்லும் சிறு குறையும் பேரவமானமாகும். இரண்டாவது, அடைமொழியை விடுத்து நிகழ்வைச் சொல்ல வேண்டும். “உங்களுக்கு அக்கறையே இல்லை” என்பது தீர்ப்பு. “மாதக் கணக்கு முன்பெல்லாம் 5ஆம் தேதிக்கு வந்துவிடும்; இப்போது 12ஆம் தேதி ஆகிறது. இடையில் என்ன சிரமம் ஏற்பட்டது, ஐயா?” என்பது வினா. தீர்ப்புக்கு எவரும் மறுப்புத்தான் சொல்வர். வினாவுக்கு விடை சொல்வர். மூன்றாவது, வினவிய பின் மேலாளர் பேசாமல் இருக்க வேண்டும். கூச்சமுள்ளவர் வாய்திறக்கச் சற்று நேரம் ஆகும். அந்த அமைதியைப் பொறுக்காமல் மேலாளரே பேசத் தொடங்கினால் உண்மை வெளிவாராது.

நான்காவது, தீர்வை அவரையே சொல்லச் செய்ய வேண்டும். “இளைஞரிடம் கற்பது எனக்குக் கடினம், வெளியில் ஒரு மாதப் பயிற்சிக்கு அனுப்புங்கள்” என்று அவர் சொல்லக்கூடும். ஐந்தாவது, இருவரும் ஒப்பும் ஒரு சிறு இலக்கையும் அதற்கு ஒரு நாளையும் குறிக்க வேண்டும். அடுத்த மாதக் கணக்கு 9ஆம் தேதிக்குள், அதற்கடுத்தது 7ஆம் தேதிக்குள் என்பதுபோல அது அமையலாம். ஆறாவது, அந்த நாள் வரும்போது மேலாளர் மறவாமல் கேட்க வேண்டும். கேட்க மறந்துவிட்டால், அந்த உரையாடல் வெறும் சடங்கு என்று பணியாளர் முடிவு செய்துவிடுவார். இலக்கு நிறைவேறியிருந்தால் அதனைச் சொல்லிப் பாராட்டுதல் வேண்டும்.

பாராட்டு என்பது சிறிய செய்தியன்று. ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க்கும் அவருடன் பணியாற்றியோரும் பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் பொறியாளர், கணக்கர் ஆகிய இருநூற்றுவரை ஆராய்ந்து 1959இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். வேலையில் மனநிறைவு தந்தவை என்று அவர்கள் கூறியவற்றுள் சாதித்த உணர்வும் பாராட்டும் முதலிடம் பெற்றன. வெறுப்பூட்டியவற்றுள் நிறுவன நடைமுறைகளும் மேற்பார்வை முறையும் முன்னின்றன. ஊதியம் குறைந்தால் வெறுப்பு வரும்; ஊதியம் உயர்ந்ததாலேயே ஊக்கம் வந்துவிடாது என்பது ஹெர்ஸ்பெர்க்கின் கருத்து. அவருடைய ஆய்வுமுறையை மறுத்தோரும் உளர். ஆயினும், வயிற்றுக்கு வேண்டிய ஊதியத்தைக் கொடாமல் வெறும் பாராட்டால் வேலை வாங்க முயல்வோர் இதனைச் சான்றாகக் காட்டலாகாது. உரிய ஊதியம் அடித்தளம். பாராட்டு அதன்மேல் எழும் கட்டடம்.

கண்ணோட்டத்திற்கும் எல்லை உண்டு

எல்லாம் செய்தும் சிலர் மாறுவதில்லை. இதனை மறைப்பது நேர்மையன்று. வேலை பொருந்தியிருக்கிறது, பயிற்சி தரப்பட்டது, பகிர்வில் முறைகேடு இல்லை, கனிவாகப் பேசியாயிற்று, காலமும் கொடுத்தாயிற்று. அதன் பின்னும் ஒருவர் தம் பங்கைச் செய்ய மறுப்பாராயின், அவரைப் பொறுத்துக்கொள்வது இரக்கமாகாது. அவருடைய சுமையைத் தூக்கும் சக பணியாளர்க்கு இழைக்கும் அநீதியாகிவிடும். கண்ணோட்டத்தைக் கூறிய வள்ளுவரே அதற்கு முன்பு செங்கோன்மையையும் கூறியுள்ளார். கடமை கெடாத கண்ணோட்டமே அவர் கருத்து.

அந்நிலையில் நிறுவனம் மூன்று படிகளை முறையாகக் கடக்க வேண்டும். முதலில், எதிர்பார்ப்பு எது, குறை எது, திருத்திக்கொள்ளக் காலம் எவ்வளவு என்பதை எழுத்தில் தரவேண்டும். அடுத்து, வேறு பிரிவுக்கு மாற்றிப் பார்க்க இயலுமா என ஆராய வேண்டும். இறுதியாகவே நீக்கம். அதற்கு முன்னும் அவர் தரப்பைக் கேட்டாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரைக் கேளாமல் தண்டிக்கலாகாது என்பது இயற்கை நீதியின் அடிப்படை. அரசுப் பணியாளரை விசாரணையின்றியும், தம் தரப்பை எடுத்துரைக்க உரிய வாய்ப்பளிக்காமலும் பணிநீக்கம் செய்தலாகாது என்பதை, சில விலக்குகளுடன், இந்திய அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு வலியுறுத்துகிறது. தனியார் நிறுவனத்தாரும் அந்த நெறியை மனத்தில் கொள்வது தக்கது. வேலை போனால் ஒருவருக்கு இழப்பு மாத ஊதியம் மட்டுமன்று. பிள்ளையின் படிப்பும், வீட்டு வாடகையும், ஊரில் அவருக்கு இருந்த மதிப்பும் அதனோடு சேர்ந்து போகின்றன. ஆதலின், நீக்கும் ஆணையில் கையொப்பமிடுமுன் தலைவர் தம்மிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: இவருக்கு நான் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேனா?

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஊக்கமின்மை பெரும்பாலும் ஒருவர் பிறவியோடு கொண்டுவரும் குணமன்று; சூழலின் விளைவு. அதனை நீக்குமுன் அதன் காரணம் அறியப்பட வேண்டும். வேலையமைப்பு, பயிற்சி, நடுவுநிலை, அச்சமின்மை, செவிகொடுத்தல் ஆகியன அமைந்த இடத்தில் பெரும்பாலோர் தாமே ஊக்கம் கொள்வர். இவை யாவும் அமைந்தும் மாறாதவரிடம் முறைப்படியும் தயங்காமலும் நடவடிக்கை எடுத்தல் வேண்டும். ஊக்கமுடைமையை வள்ளுவர் அரசியலில் வைத்தது, அதற்கான முதற்பொறுப்பு தலைமையுடையது என்பதை நமக்கு நினைவூட்டுகிறது.

இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் நாளை ஒருவரின்கீழ்ப் பணிபுரிவர். சில ஆண்டுகளில் சிலர்க்கு மேலே அமர்வர். அப்போது தம்முன் தலைகுனிந்து நிற்கும் பணியாளரிடம், தாம் முன்னர்த் தம் மேலாளரிடம் எதிர்பார்த்தது எதுவோ அதனையே அவர்கள் செய்ய வேண்டும். கடையும் ஆலையும் கல்விக்கூடமும் நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் நிறுவனத்தில் முன்பு நன்றாக உழைத்து இப்போது சோர்ந்திருப்பவர் எவரேனும் இருப்பின், இந்த வாரத்திலேயே அவரைத் தனியே அழைத்து அமரச் செய்து, என்ன சிரமம் என்று கேளுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை இடைமறிக்காமல் இருங்கள். அவருக்கு எது செய்யத்தக்கது என்பதை அதன் பின்னர்த் தீர்மானிக்கலாம்.